குருசு நட்ட வரம்பு

முட்டை இருந்த குழியில் மெற்றில்டா இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். மண் குளிர்ந்து கிடந்தது. தாய்ப் பறவை எழுந்து ஓடிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தால் குழியில் சூடு தெரியும். இது நேற்றுப் பின்னேரமே வெறுமையான குழி. பக்கத்தில் அவள் நட்ட சிலுவை மட்டும் நட்டது நட்டபடி நின்றது.

அடுத்த குழிக்குப் போனாள். அதிலும் ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததில் உடைந்த கோது ஒரு நகத்தளவு கிடந்தது. நாலாவதும் காலி. ஐந்தாவதில் பறவை இருந்து ஓடியது, முட்டை மூன்றும் இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. உப்பளத்தின் கிழக்கு வரம்பின் மறு முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கணக்குச் சரியாகத் தெரிந்தது. பத்தொன்பது கூட்டில் பதினொன்று காலி. வரம்பின் ஈரச் சரிவிலேயே பொத்தென்று இருந்துவிட்டாள். பாவாடையில் உப்புத் தண்ணீர் ஊறியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மாரி தொடங்கிவிட்டால் மன்னார்க் கரைக்கு வரும் விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. பனி உறையும் நாடுகளிலிருந்து உள்ளான் வரும், மூக்கு வளைந்த குதிரைமலைக்கோட்டான் வரும், ஆயிரக்கணக்கில் பூநாரை வந்து சேற்றில் நிற்கும். அவற்றைப் பார்க்க ஜீப்பில் ஆட்கள் வருவார்கள், முக்காலியில் குழாய் பூட்டிக் கண்ணை இடுக்குவார்கள், தண்ணீர்ப் போத்தலை எறிந்துவிட்டுப் போவார்கள். பங்குனி முடியப் பறவையும் போகும், ஜீப்பும் போகும். பிறகு சோளகக் காற்று முகத்தில் உப்பை அள்ளி அடிக்கும் காலத்தில், இங்கேயே பிறந்து இங்கேயே குஞ்சு பொரித்து இங்கேயே சாகிற சின்ன உப்புக்கொத்தியைப் பார்க்க ஒரு ஈ காக்கை வராது. வந்தான் வரத்தானுக்குத்தான் எந்த ஊரிலும் மரியாதை.

அது ஒரு பிடிப் பறவை. கூடு கட்டத் தெரியாது, அல்லது கட்டிப் பயனில்லை என்று விட்டுவிட்டது. வரம்பு மண்ணில் நெஞ்சை வைத்து ஒரு சுற்றுச் சுற்றும். மாட்டுக் குளம்பு அளவுக்கு ஒரு பள்ளம் விழும். அதில் இரண்டோ மூன்றோ முட்டை, மண் நிறத்தில், மேலே கறுப்புக் கிறுக்கல். மூன்று அடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குப் படாது. மத்தியான வெயிலில் பாத்தித் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டைமேல் இருக்கும். அதற்கு இருக்கிற கெட்டித்தனம் அவ்வளவுதான்.

போன வருடம் ஆனியில், உப்பு ஏற்ற வந்த உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி ஒரு கூட்டின்மேல் ஏறிப் போனது. மெற்றில்டா உப்புச் சுமக்கும் ஓலைக் கடகத்தோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் கருவும் மண்ணும் ஒன்றாய்க் கிடந்த இடத்துக்குப் பறவை ஓடி வந்தது, இரண்டு தரம் சுற்றியது, பிறகு அந்த ஈரத்தின்மேலேயே வயிற்றை வைத்து இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. நாற்பத்திரண்டு வயதுவரை எத்தனையோ பார்த்தவள், அகதியாய்ப் படகில் மண்டபம் முகாமுக்குப் போய்ப் பதினைந்து வருடம் கழித்துத் திரும்பியவள், அந்தப் பறவையைத் தாண்டிக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் நின்றாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது.

இந்த வருடம் முதலில் சிவப்புத் துணி கட்டிய தடி நட்டாள். தடியை யாரோ விறகுக்கு எடுத்தார்கள். துணியைக் கழுதை தின்றது. பிறகுதான் சிலுவை யோசனை வந்தது. அவள் ஊரில் சந்திக்குச் சந்தி சிலுவை, மோட்டார் சைக்கிள் கவிழ்ந்த வளைவிலும் சிலுவை, ஆள் மூழ்கிச் செத்த கடற்கரையிலும் சிலுவை. நிறைவெறியில் வருகிறவன்கூட மதிலில் மோதுவான், சிலுவையில் மோதமாட்டான். விழுந்து கிடந்தால் நிமிர்த்தி வைத்து நெற்றியைத் தொட்டுவிட்டுத்தான் போவான். ஆகவே பனைமட்டையில் சிம்பு சீவி, குறுக்கே ஒன்று வைத்துக் குருத்தோலையால் கட்டி, தூரத்திலேயே தெரியவேண்டும் என்று சுண்ணாம்பும் பூசினாள். ஒரு முழ உயரம். கூட்டுக்கு ஒன்றாகப் பத்தொன்பது.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் ஒரு வண்டிச் சில்லு ஒரு முட்டையில் ஏறவில்லை. உப்புச் சுமக்கிற பெண்கள் கடகம் தலையில் இருக்க, சிலுவையைக் கண்டதும் கால் தள்ளி வைத்தார்கள்.

"அடியே மெற்றில்டா, வரம்பு முழுக்கச் சவக்காலை ஆக்கிப் போட்டாய்," என்றாள் அவளோடு உப்பு வாருகிற எமிலி அக்கா. "கார்த்திகை ரெண்டாந் திகதி, ஆத்துமாக்கள் திருநாளுக்கு நாங்கள் இஞ்சையும் வந்து மெழுகுதிரி கொளுத்த வேணுமோ?"

உழவு இயந்திரம் ஓட்டுகிற யூட் அதற்குமேல் போனான். "மச்சாள், அதிலை ரெண்டு முட்டையை எடுத்து ஒம்லெற் போட்டுத் தாவன். குருசடியிலை இருந்தது, உடம்புக்கு நல்லம்." எல்லாரும் சிரித்தார்கள். வாய்தான் அப்படி. வரம்பில் போகும்போது ஒவ்வொரு சிலுவைக்கும் தொப்பியைக் கழற்றிப் போடுவான், போகப் பத்தொன்பது தரம், வரப் பத்தொன்பது தரம்.

உப்பள மனேச்சர் பேரின்பநாயகத்துக்குப் பறவையும் ஒன்றுதான், பாசியும் ஒன்றுதான். கிழக்கு வரம்பு கரைந்துவிட்டது, மாரிக்கு முன் மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரத்தை இறக்கி வெட்டி உயர்த்தவேண்டும் என்று நின்றார். வைகாசியில் பல்கலைக்கழகத்திலிருந்து பறவை எண்ண வந்த ஷிமாரா என்ற பிள்ளைதான் அவரோடு கதைத்துக் கொஞ்சம் இளக்கினாள்.

"ஆனி கடைசி வெள்ளிக்கிழமை இந்தப் பிள்ளை வந்து பார்க்கட்டும்," என்றார் மனேச்சர். "பத்துக் கூட்டுக்குக் குறையாமல் கிடந்தா, குஞ்சு இறங்கும் மட்டும் நான் பெக்கோவைத் தொடேல்லை. அதுக்குக் குறைஞ்சா கிடக்கிறதை எனக்குக் காட்டுங்கோ. அந்த இடத்தை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை வெட்டுவன். என்னாலை முடிஞ்சது அவ்வளவுதான்."

பெக்கோ பக்கத்தில் உறுமினால் எந்த உப்புக்கொத்தி முட்டையில் இருக்கும்? வெயில் ஒரு மணி நேரத்தில் முட்டையை அவித்துவிடும். மெற்றில்டாவுக்கு அது தெரியும். ஆனால் பத்தொன்பது இருக்கும்போது பத்தைப் பற்றி அவள் ஏன் பயப்படவேண்டும்? வெள்ளிக்கிழமை வரை பொறுத்தால் போதும், அதற்கடுத்த கிழமை குஞ்சு இறங்கிவிடும் என்று விரல் மடித்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு வியாழன். மிச்சம் எட்டு.

அவள் எழுந்து வரம்பைக் குனிந்து பார்த்தாள். வரம்பின் மேற்புறம் உப்புப் பொருக்கு இறுகிக் கல்லாய்க் கிடந்தது. நாய்க்கால் இல்லை, பாம்பு இழைந்த கோடு இல்லை, கீரி கிளறிய மண் இல்லை. எடுத்தவன் சுத்தமாக எடுத்திருந்தான். சிலுவை ஒன்றுகூடச் சாயவில்லை. மிருகம் இப்படி எடுக்காது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியவுடனே ஆளும் தெரிந்துவிட்டான்.

ஏழு மணிக்கு யூட் உழவு இயந்திரத்தோடு வந்தான். பெண்கள் கடகங்களோடு பின்னால் வந்தார்கள். மெற்றில்டா வரம்பின் நடுவில் நின்றாள்.

"யூட், கீழை இறங்கு."

"என்ன மச்சாள், காலங்காத்தாலை பூசைக்குக் கூப்பிடுறாய்?"

"முட்டை எங்கை?"

"என்ன முட்டை?"

"நடிக்காதை. பதினொரு கூடு காலி. ஒம்லெற் ஒம்லெற் எண்டு நிண்டது ஆர்?"

யூட் இயந்திரத்தை நிறுத்தி இறங்கினான். சிரிக்க வாய் எடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினான். "மச்சாள், அது பகிடிக்குச் சொன்னது."

"தொண்டைக்குள்ளாலை இறங்கின பிறகு என்ன பகிடி?"

"நான் தொடேல்லை. இந்தக் குருசாணை சொல்லுறன்."

"குருசுக்கு முன்னாலை நிண்டுதானே எடுத்தனீ, பிறகு ஏன் அதையே சாட்சிக்குக் கூப்பிடுறாய்?"

"வாயை அடக்கடி," என்றாள் எமிலி அக்கா மெல்லமாக.

மெற்றில்டா அடக்கவில்லை. திருடன் என்றாள். தின்ன வழியில்லாதவன் என்றாள். உன் வீட்டுச் சட்டியைப் போய்ப் பார்த்தால் கோது கிடக்கும் என்றாள். அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

யூட் பெண்கள் பக்கம் ஒருதரம் பார்த்தான். "வாற மாசம் என்ரை மகளுக்குக் கோயிலிலை புதுநன்மை," என்றான். "இத்தினை பேருக்கு முன்னாலை என்னைக் குருசடிக் கள்ளன் எண்டுறாய். சொல்லு மச்சாள், நல்லாச் சொல்லு." பிறகு ஏறி இயந்திரத்தைக் கிளப்பினான். போகும்போது சிலுவை ஒவ்வொன்றுக்கும் தொப்பியைக் கழற்றினான். வெறுங்குழிக்குப் பக்கத்தில் நின்ற பதினொன்றுக்கும் கழற்றினான். அது அவள் கண்ணில் பட்டது, ஆனால் கோபத்தில் அதையும் நடிப்பென்றே எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியமுன் எழும்பிச் சைக்கிளில் வந்து, வரம்பு முனையில் இருக்கும், தண்ணீர் இறைக்கிற மோட்டர்க் கொட்டிலுக்குள் குந்தினாள். தகரத்தில் ஒரு ஓட்டை. அதில் கண்ணை வைத்தால் கிழக்கு வரம்பு நீளத்துக்குத் தெரியும். கையில் ஒரு பனைமட்டை வைத்திருந்தாள். யூட் வந்தால் முதுகில் ஒன்று போடுவது, பிறகு மனேச்சருக்குச் சொல்வது என்று நினைத்திருந்தாள்.

வெளிச்சம் வந்தது. சுண்ணாம்பு பூசிய சிலுவைகள் ஒவ்வொன்றாகத் துலங்கின. எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. யாரும் வரவில்லை. பாத்தியில் ஒற்றைக் குதிரைமலைக்கோட்டான் ஒன்று, கூட்டத்தோடு ஊர் போகாமல் தங்கிவிட்டது, சேற்றைக் குத்திக்கொண்டு நின்றது.

அப்போது ஒரு காகம் வந்தது.

வந்து ஐந்தாம் சிலுவையின் தலையில் இருந்தது. காகம் இருக்க இடமா இல்லை என்று மெற்றில்டா கண்ணை எடுத்து ஆள் வரும் பாதையைப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தபோது உப்புக்கொத்தி முட்டையை விட்டு எழுந்து, ஒரு செட்டையை மண்ணில் இழுத்துக்கொண்டு, முறிந்துபோனதாகப் பாவனை காட்டி ஓடிக்கொண்டிருந்தது. நாய் என்றால் அதன் பின்னால் ஓடியிருக்கும். மனிதன்கூட ஓடியிருப்பான். காகம் திரும்பியே பார்க்கவில்லை. சிலுவையிலிருந்து கீழே குதித்தது. இரண்டு எட்டு வைத்தது. ஒரு முட்டையை வாயில் தூக்கிக்கொண்டு உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போனது. வந்தது. இரண்டாவதை எடுத்தது. மூன்றாவதை அங்கேயே குத்திக் குடித்தது.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும், தற்செயலாகக் கண்டிருக்கும் என்று மெற்றில்டா தனக்குத்தானே சொன்னாள். சொல்லி முடியவில்லை. காகம் மூக்கை வரம்பில் இரு பக்கமும் துடைத்தது. தலையைத் தூக்கியது. தேடவில்லை, வட்டமிடவில்லை, மண்ணைப் பார்க்கவில்லை. அடுத்த சிலுவையைப் பார்த்தது. நேராகப் பறந்து போய் அதன் தலையில் இருந்தது.

ஆறாம், ஏழாம் குழிகள் ஏற்கெனவே காலியானவை. காகம் மேலிருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டு எட்டாவதுக்குப் பறந்தது. அங்கே முட்டை இருந்தது. பெரிய வெள்ளியில் ஊரே ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குச் சிலுவைப்பாதை போகிறதே, அதைப்போலப் போனது. ஒரு நிலையத்தையும் தவறவிடவில்லை.

மெற்றில்டா ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போன திங்கட்கிழமை ஒரு சிலுவைமேல் காகம் இருந்ததைப் பார்த்து, காகத்துக்கும் பக்தி வந்துட்டுது என்று எமிலி அக்காவிடம் சொல்லிச் சிரித்தது நினைவு வந்தது. மூன்றடி தள்ளி நின்றால் கண்ணுக்குப் படாத முட்டை. ஆண்டவன் அதற்குக் கொடுத்திருந்த ஒரே காவல் அது ஒன்றுதான். அதைக் கலைத்தவள் அவள். சிம்பு சீவி, குருத்தோலை கட்டி, சுண்ணாம்பு பூசி, இருக்க வசதியாக உயரமும் வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்த கதை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று யூட்டின் முகமும் சேர்ந்து கண்ணுக்குள் வந்தது.

இன்னும் நாலு காகம் வந்து இறங்கியபோதுதான் எழும்பினாள். கத்திக்கொண்டு ஓடினாள். மட்டையை எறிந்தாள். அருகில் நின்ற காகம் எழும்பித் தூரத்துச் சிலுவைக்குப் போனது. அதைத் துரத்தி அங்கே ஓடினால் மற்றது இங்கே இறங்கியது. அரை மைல் நீள வரம்பு, ஒரு மனுசி, ஐந்து காகம். ஓடுவதை விட்டுவிட்டுச் சிலுவைகளைப் பிடுங்கத் தொடங்கினாள். வேரோடிய மரம் மாதிரி அவை வர மறுத்தன, அவ்வளவு பத்திரமாக நட்டிருந்தாள். ஒன்றை முறித்தாள். அடுத்ததைக் காலால் உதைத்துச் சாய்த்தாள்.

உப்பு வார வந்த பெண்கள் வரம்பின் முனையில் அப்படியே நின்றுவிட்டார்கள். மெற்றில்டா, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவள், சிலுவையைக் காலால் உதைக்கிறாள். ஒருத்தி நெற்றியில் சிலுவை வரைந்தாள். எமிலி அக்கா கடகத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள்.

"என்னடி செய்யிறாய்? உனக்கென்ன பிடிச்சிட்டுது?"

"விடு அக்கா. நான்தான் காட்டிக் குடுத்தனான்."

"ஆரை? ஆருக்கு?"

"காகத்துக்கு. பத்தொன்பதையும் நான்தான் காட்டினனான்."

எமிலி அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. மெற்றில்டா கையை நீட்டினாள். கடைசிச் சிலுவையில் ஒரு காகம் இருந்தது, இறங்கியது, தூக்கியது. எமிலி அக்காவின் பிடி தளர்ந்தது. "அட மாதாவே," என்றாள்.

எட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஷிமாரா எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெற்றில்டா பிடுங்கிய சிலுவைகளைக் கடகத்தில் போட்டு வைத்துக்கொண்டு வரம்பு முனையில் இருந்தாள். நடந்ததைச் சொன்னாள், அழாமல் சொன்னாள். அழுகை வருவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

ஷிமாரா கடகத்துக்குள் பார்த்தாள். ஏச வாய் எடுத்தவள் போல இருந்தது, ஏசவில்லை. "நான் மேயிலை வந்தப்போ குறி வைக்காதீங்கண்டு சொல்லியிருக்கணும் அக்கா," என்றாள். "எனக்குத் தெரிஞ்ச விசயம். நீங்க வைப்பீங்கண்டு நான் நினைக்கல்ல. வாங்க, ஒருக்கா நடப்பம்."

"நடந்து என்னத்தைப் பார்க்க?"

"சும்மா வாங்க. கீழை பார்க்காமல் வாங்க."

இருவரும் வரம்பில் மெல்ல நடந்தார்கள். காகங்கள் மோட்டர்க் கொட்டிலின் கூரையில் வரிசையாக இருந்தன. பாதித் தூரம் போயிருப்பார்கள். முன்னால் ஒரு உப்புக்கொத்தி, பறக்காமல், முதுகைக் கூனிக்கொண்டு அடி அடியாக ஓடி விலகியது.

"நிக்காதீங்க," என்றாள் ஷிமாரா. உதடு அசைந்ததே தெரியவில்லை. "இப்ப உங்கட இடப்பக்கம் ஒரு கூடு இருக்கு. மூணு முட்டை. குனியாதீங்க, பார்க்காதீங்க, நடங்க."

மெற்றில்டா நேரே பார்த்தபடி நடந்தாள். "அதிலை நான் குறி வைக்கேல்லை."

"ஓம். உங்களுக்குத் தெரியாது. அதாலைதான் இருக்கு."

அதற்கப்பால் இன்னொன்று இருந்தது. வரம்பின் சரிவில் மூன்றாவது. திரும்பும் வழியில் நாலாவது. நாலும் மெற்றில்டா பதினெட்டு நாளும் தாண்டித் தாண்டிப் போன இடங்கள். நாலையும் அவள் கண்டதில்லை. கண்டிருந்தால் அந்த நாலும் இன்றைக்கு இல்லை. அந்த எண்ணம் அவளை முட்டை பறிபோனதைவிட மோசமாக உலுக்கியது. அவள் அன்பு பட்டதெல்லாம் அழிந்திருந்தது, படாதது மட்டும் உயிரோடு இருந்தது.

வரம்பு முனைக்கு வந்தபோது மனேச்சரின் மோட்டார் சைக்கிள் நின்றது. உப்பள வாசல் படலைக்கு வெளியே மஞ்சள் பெக்கோ கையை மடக்கிக்கொண்டு காத்திருந்தது. யூட் உழவு இயந்திரத்தில் இருந்தான். பெண்கள் தள்ளி நின்றார்கள்.

"எங்கை பிள்ளை உன்ரை குருசுகள்?" என்றார் மனேச்சர்.

"பிடுங்கிட்டன் ஐயா. காகத்துக்கு அடையாளமாப் போகுது."

"காகம் திண்டிட்டுதோ?"

கூரையில் ஐந்து காகமும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. நாலு என்று சொன்னால் காட்டு என்பார். காட்டினால் சுற்றிக் கல் வைப்பார்கள், கயிறு கட்டுவார்கள், பெக்கோக்காரன் வந்து குனிந்து பார்ப்பான். கூரையில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் அழைப்பு வேண்டியதில்லை.

"இல்லை ஐயா," என்றாள் மெற்றில்டா. "பத்தொன்பதும் கிடக்கு."

எமிலி அக்கா தரையைப் பார்த்தாள்.

மனேச்சர் ஷிமாராவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள் பார்த்தனீங்களோ?"

"கூடு இருக்கு சேர்," என்றாள் ஷிமாரா. "முட்டையோடை இருக்கு. நான் என்ரை கண்ணாலை பார்த்தன்." எத்தனை என்று அவள் சொல்லவில்லை. கணக்குக் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

மனேச்சர் முட்டாள் இல்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நேற்றைக்குப் பதினொண்டு காலி எண்டு இந்த வரம்பிலை பெரிய சண்டையாமே. யூட்டைக் கள்ளன் எண்டு கிழிச்சியாம். எனக்குக் காது இல்லையெண்டு நினைச்சியோ?" பிறகு தலையைத் திருப்பினார். "யூட், நீ சொல்லு. காலியோ, கிடக்கோ?"

மெற்றில்டா யூட்டைப் பார்த்தாள். அவனிடம் மன்னிப்புக்கூட இன்னும் கேட்கவில்லை. நேற்று இத்தனை பேர் முன்னால் அவனை உரித்துத் தொங்கவிட்டவள். அவன் உண்மையைச் சொன்னால் போதும், அவனுக்கு நேற்றைய அவமானம் தீரும், அவள் பொய்க்காரி ஆவாள், பெக்கோ உள்ளே வரும். அவன் சொல்லத்தான் போகிறான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்வது நியாயமும்கூட.

யூட் இறங்கவில்லை. சுக்கானில் கையை வைத்தபடியே வரம்பை நீளத்துக்குப் பார்த்தான்.

"நேற்று மச்சாளுக்கும் எனக்கும் ஒரு சொல்லு வழக்கு ஐயா," என்றான். "வாய்த்தர்க்கத்திலை வந்த கணக்கு அது. முட்டை எல்லாம் கிடக்கு. நான் ஒரு நாளைக்கு நாலு தரம் இதாலை போறவன், எனக்குத் தெரியாதோ?"

மனேச்சர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "சரி. பத்து நாள். பதினோராம் நாள் ஒருத்தரும் என்னட்டைக் குருசு கிறுசு எண்டு வரக் கூடாது." படலைக்குப் போய்ப் பெக்கோக்காரனோடு கதைத்தார். பெக்கோ கையைத் தூக்கித் திரும்பியது, தார் ரோட்டில் அதன் சத்தம் குறைந்து போனது.

மெற்றில்டா உழவு இயந்திரத்துக்குக் கிட்டப் போனாள்.

"என்னை நீ கேட்டிருக்கலாம் மச்சாள்," என்றான் யூட், அவளைப் பார்க்காமல். "நீ கேக்கேல்லை. கத்தினனீ."

"ஓம்."

"சரி விடு. மிச்சம் எங்கை கிடக்கு? சில்லு ஏறாமல் போகவேணும்."

அவள் கை தன்னால் எழுந்தது. பாதியில் மற்றக் கையால் அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "சொல்ல மாட்டன்."

"இன்னும் என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

"உன்னிலை இருக்கு. என்னிலைதான் இல்லை யூட். நான் ஒரு பக்கம் பார்த்தா அதுகள் அந்தப் பக்கம் பார்க்குது."

யூட் கூரையை நிமிர்ந்து பார்த்தான். ஐந்து தலையும் சரிந்தபடி மெற்றில்டாமேலேயே இருந்தன. அவனுக்கும் அப்போதுதான் அது உறைத்தது. இயந்திரத்தைப் பின்னால் எடுத்து, பெட்டியை வளைத்துத் திருப்பி, மேற்கு வரம்பு வழியாக இரண்டு மைல் சுற்றிப் போகும் பாதையில் இறக்கினான். பெண்களும் கடகங்களை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனார்கள். இனிமேல் பத்து நாளும் அந்தச் சுற்று வழிதான், தலைச்சுமையோடு.

மெற்றில்டா கடைசியாக நடந்தாள். பின்னால் கிழக்கு வரம்பிலிருந்து ஒரு உப்புக்கொத்தி சின்னதாக விசிலடித்தது. மறுபடியும் அடித்தது. ஏதோ நடக்கிறது, அல்லது ஒன்றுமே நடக்கவில்லை, திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். அவள் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, முன்னால் போகிற எமிலி அக்காவின் குதிகாலையே பார்த்தபடி நடந்தாள்.